கார்ல் மார்க்ஸ் நகரில் விடியற்காலைப் பஜனை

இந்தியா கிரிக்கெட்டில் உலகக் கோப்பையை ஜெயித்து, பொறையார் கடைத்தெருவில் கிரிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் வெடி போட்டார்களே, அந்த வருஷம். மறு மாதமே கொழும்பில் தமிழர் கடைகளைக் கொளுத்தினார்கள். சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய வருஷமும் அதுதான். எங்கள் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன்காரர் லூத்தர் பிறந்து ஐந்நூறு வருஷம் ஆனதென்று எங்கள் கோவிலுக்கு வெள்ளையடித்ததும் அப்போதுதான். 1983.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரவை மில்லில் மூட்டை தூக்கியவன். ஆனால் பதினாறு வயதிலிருந்து தினமும் படுக்கப்போகும்போது அன்றைய தேதியையும் கிழமையையும் சொல்லி, நடந்ததை உதட்டுக்குள் ஒருமுறை ஒப்பித்துக்கொள்வேன். ஒப்பித்தது மறக்காது. அதுதான் என் நாட்குறிப்பு. அன்றன்று சொல்லிக்கொண்டதை இப்போது வாய்விட்டுச் சொல்லி எழுதச் செய்திருக்கிறேன். எழுதியதை வேறொருவரை விட்டு வாசிக்கச் சொல்லியும் கேட்டுவிட்டேன். ஏன் அப்படி என்பது போகப் போகத் தெரியும்.

அக்டோபர் 19, புதன்

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மாசிலாமணி என்று என் பெயர், என் போட்டோ, கையெழுத்துப் போடும் இடத்தில் என் கட்டைவிரல். மில்லில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்ததில் அட்டையில் தவிடு ஒட்டிக்கொண்டது.

போகிறவர்கள் நாலு பேர். எங்கள் சபைப் போதகர் தாவீது ஐயர். சின்ன வயசு, இங்கிலீஷ் பேசுவார், பாடுவார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆன வேதமாணிக்கம் வாத்தியார், கைத்தாளம் போடுகிறவர். தையல்கடை பரமானந்தம், ஆர்மோனியம். நான் டோலக்கு. முப்பது வருஷமாக ஒன்றாகப் பஜனைக்குப் போகிறவர்கள், ஐயர் மட்டும் புதுசு. நமக்கு முதன்முதலில் சுவிசேஷம் கொண்டுவந்த ஜெர்மனிக்கு நாம் போய்ப் பாட வேண்டும் என்று அந்தச் சபைக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, எங்களைக் கூப்பிட்ட பாதி இப்போது கம்யூனிஸ்டு நாடு.

சபைக் கமிட்டியில் என் பெயரைச் சொன்னபோது, எழுத்து தெரியாத ஆளை எப்படி அனுப்புவது என்று பேச்சு வந்தது. வாத்தியார் எழுந்து, மாசிலாமணி போகவில்லை என்றால் தானும் போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அத்தனை பாரத்தையும் அவரே பூர்த்தி செய்தார். இவ்வளவு செய்வார் என்று நான் நினைக்கவில்லை.

மற்றவர்களுக்கு இது சுவிசேஷப் பயணம். எனக்கு ஒரே காரணம்தான், அதை நான் மறைக்கவும் இல்லை. என் மகன் அன்புநாதன் அங்கே இருக்கிறான். காலேஜில் படிக்கும்போது சிவப்புக் கொடி பிடித்தான். கோவிலுக்கு வருவதை நிறுத்தினான். அந்த நாட்டுக்காரர்கள் படிக்க இடம் கொடுத்து, 1974 ஆகஸ்டு 12-ஆம் தேதி போனான். இரண்டரை வருஷம் கடுதாசி வந்தது. அவன் அம்மா இறந்த சேதியைச் சொல்லி நான் போட்ட கடுதாசிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதில் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்று வாத்தியார் சொன்னதில் நானும் போடவில்லை. ஆறரை வருஷம்.

அக்டோபர் 25, செவ்வாய்

டில்லி ரயில். பரமானந்தம் நாலு பேருக்கும் குளிர்கோட்டு தைத்திருக்கிறான். மிஷன் ஆஸ்பத்திரியில் கழித்த கம்பளி. நாலும் ஒரே கட்டம், ஒரே பழுப்பு. டிக்கெட் பார்க்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, எந்தப் பேண்டு செட்டு, கல்யாணம் எங்கே என்று கேட்டார். பரமானந்தம், பெர்லினில் என்றான்.

வாத்தியார் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு தடவை, "மாசிலாமணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது. ஓமத்தண்ணீர் கொடுத்தேன்.

அக்டோபர் 28, வெள்ளி

விமானம் ஏறினேன். மூட்டை முதுகில் ஏறும்போது ஒரு அழுத்து அழுத்தும், அதே அழுத்து. ஆனால் இது மேலே தூக்கிக்கொண்டு போகிறது. பயம் வரவில்லை. இருந்த சந்தோஷத்தில் பயத்துக்கு இடமில்லை. கீழே மேகம், கழனியில் வைக்கோல் உலர்த்தியதுபோல.

மாஸ்கோவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்தது. பரமானந்தம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரோ மேலே இருந்து இலவம்பஞ்சுத் தலையணையைக் கிழித்துவிட்டார்கள் என்றான். ஐயரும் சின்னப் பையன்போல ஓடி ஓடிப் பார்த்தார். வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து, அன்புநாதன் இருக்கும் இடத்துக்கு நம்மை விடுவார்களா என்று என்னைக் கேட்டார். நான் கேட்க வேண்டியதை அவர் கேட்கிறார்.

அக்டோபர் 29, சனி

கிழக்கு பெர்லின். பாஸ்போர்ட் பார்க்கும் சிப்பாய் என் கைநாட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இன்னொருத்தனைக் கூப்பிட்டான். அவனும் பார்த்தான். கையெழுத்து எங்கே என்று கேட்கிறார்கள் என்றார் ஐயர். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். சிப்பாய் பதிலுக்குத் தன் கட்டைவிரலை உயர்த்திவிட்டு முத்திரை குத்தினான்.

பெட்டி சோதனையில் பரமானந்தத்தின் கருவாடு மாட்டியது. பொட்டலத்தைப் பிரித்த ஆள் மூன்றடி பின்னால் போனார். ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினான் பரமானந்தம். உடனே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

எங்களோடு ஒரு அம்மாள் வருவார், பெயர் ரெனாத்தே. அரசாங்கம் போட்ட ஆள். எங்கே போக வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் எல்லாம் அவர் கையில் இருக்கும் தாளில் இருக்கிறது. சிரிக்க மாட்டார்.

அக்டோபர் 31, திங்கள்

ஹாலே என்ற ஊரில் பாடினோம். பெரிய கோவில், ஆள் குறைவு, எல்லாம் வயசான பெண்கள். முதல் பாட்டில் கல்போல உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பாட்டில் நான் நடையை இரட்டித்தேன். மூன்றாவதில் ஒரு கிழவியின் கைப்பை மடியில் ஆடியது. முடிந்ததும் வரிசையாக வந்து டோலக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். கட்டைவிரல் வீங்கிவிட்டது. வீங்கட்டும்.

நவம்பர் 1, செவ்வாய்

உருளைக்கிழங்கு. மூன்று வேளையும்.

நவம்பர் 2, புதன்

இன்று ஐயர் மூலமாக ரெனாத்தே அம்மாளிடம் கேட்டுவிட்டேன். மகனுடைய கடுதாசியை வாத்தியார் வாசிக்கும்போது மேலே இருக்கும் விலாசத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். தெருப் பெயர், வீட்டு நம்பர், ஊர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதை அப்படியே ஒப்பித்தேன். அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

ஊர் பெயர் கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட். ஊருக்கே அவர் பெயர்தான். எங்கள் தாளில் அந்த ஊர் இருக்கிறதாம். 5-ஆம் தேதி போய், மூன்று ராத்திரி தங்கி, 8-ஆம் தேதி திரும்புகிறோம். ஆனால் ஆளைத் தேடுவது தாளில் இல்லை, அது போலீஸ் சமாசாரம், எழுதிப் போட்டால் பல வாரம் ஆகும் என்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் சும்மாதான் இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

தூங்க முடியவில்லை. ஒரு நடையைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தேன். பரமானந்தம் செருப்பை எறிந்தான்.

நவம்பர் 5, சனி

வந்து சேர்ந்தோம். ஊர் நடுவில் மார்க்ஸின் தலை வைத்திருக்கிறார்கள். இரண்டு மாடி உயரம், கன்னங்கரேல், தாடியில் நாலு பேர் ஒளிந்துகொள்ளலாம். தலை மட்டும்தான். உடம்பு எப்போது வரும் என்று ரெனாத்தே அம்மாளைக் கேட்கச் சொன்னான் பரமானந்தம். ஐயர் கேட்கவில்லை.

இந்த ஊர்க் காற்றைத்தான் அவனும் சுவாசிக்கிறான். அதை நினைத்து நினைத்து மூச்சை இழுத்து விட்டேன்.

நவம்பர் 6, ஞாயிறு

காலையில் கோவிலில் பாடினோம். மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனோம். அவன் எழுதிய நம்பர் பதினாலு. பதினாலு என்று ஒரு வீடே இல்லை. பழைய வீடுகளை இடித்துவிட்டு, தீப்பெட்டிகளை நிறுத்திவைத்ததுபோல நாலு கட்டடம். ஒவ்வொன்றும் பதினோரு மாடி. பழைய வீட்டுக்காரர்களுக்கு இதிலேயேதான் இடம் கொடுத்திருப்பார்கள் என்றார் ரெனாத்தே அம்மாள். ஜன்னலை எண்ணி எண்ணி விட்டுவிட்டேன்.

போகிற வருகிறவர்களிடம் ஐயர் இங்கிலீஷில் கேட்டார். ஒருவருக்கும் புரியவில்லை. கதவு கதவாகத் தட்டுவது கூடாது என்று ரெனாத்தே அம்மாள் சொல்லிவிட்டார். நாலரை மணிக்கே இருட்டியது. கிளம்பச் சொன்னார். வாத்தியார் மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. குளிரில் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது.

தங்கும் இடத்தில் சூப்புக் குடிக்கும்போது பரமானந்தம் சொன்னான், "நம்ம ஊர்ல தூங்குற ஆளை நாம எப்படிடா எழுப்புவோம்? கதவையா தட்டுறோம்?"

சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசு நாட்களிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களிலும் விடியுமுன்னே ஆர்மோனியத்தைத் தோளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிப் போவோம். வீட்டுக்காரர்கள் எழுந்து விளக்கைப் போட்டுக் கதவைத் திறப்பார்கள், சுக்குக் காப்பி கொடுப்பார்கள். அன்புநாதன் பிறந்ததிலிருந்து இருபது வருஷம் கேட்ட சத்தம் அது. நாலு கட்டடத்தில் எதில் இருந்தாலும் எழுந்துவிடுவான்.

ஐயருக்குப் பகீரென்றது. அனுமதி இல்லாமல் தெருவில் கூட்டம் கூடினால் இந்த நாட்டில் பிடித்துக்கொண்டு போவார்கள், நம்மைக் கூப்பிட்ட சபைக்கும் கெட்ட பெயர் என்றார். அவர் சொன்னது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது வாத்தியார் சொன்னார். பள்ளிக்கூட மணி அரை நிமிஷம் பிந்தி அடித்தால் பியூனைத் திட்டுகிற மனுஷர்.

"நீங்க வர வேணாம் ஐயரே. நாங்க மூணு பேர் போறோம். பிடிச்சா என்னைப் பிடிக்கட்டும்."

நவம்பர் 7, திங்கள்

ஐந்தரை மணிக்குப் போனோம். கடைசியில் ஐயரும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். அவர் இல்லாமல் பாட்டு எடுக்க ஆள் இல்லை, அதுவும் அவருக்குத் தெரியும்.

தெருவில் திரும்பினால், நாலு கட்டடத்திலும் சிவப்புக் கொடி. நேற்று இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் கட்டியிருக்கிறார்கள். இன்று ருஷ்யப் புரட்சி நடந்த நாளாம், எங்களுக்கு யார் சொன்னார்கள்? வேலைக்குப் போகிறவர்கள் கையில் பையோடு டிராம் வண்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். நான் டோலக்கில் முதல் தட்டுத் தட்டினேன். கட்டடத்துக்குக் கட்டடம் மோதி நாலாகத் திரும்பி வந்தது. அப்படி ஒரு எதிரொலி எங்கள் ஊர்த் தெருவில் வராது. ஐயர் எடுத்தார், பரமானந்தம் தாங்கினான், வாத்தியார் தாளத்தை ஓங்கிப் போட்டார்.

நடந்துகொண்டிருந்த ஜனம் நின்றது. ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருத்தர் முஷ்டியை உயர்த்தினார். ஏதோ தோழமை நாட்டிலிருந்து புரட்சி நாளுக்கு வாழ்த்துப் பாட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். ஒரே மாதிரி கோட்டு வேறு. இரண்டாவது பாட்டில் கைதட்ட ஆரம்பித்தார்கள், அதுவும் தாளத்துக்குச் சரியாக. பரமானந்தம் பாட்டுக்கு நடுவிலேயே, "மாசிலா, இவங்க நம்ம சபையை விட நல்லாத் தட்டுறாங்கடா" என்றான். ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிந்தது. முதல் கட்டடம் முடித்து இரண்டாவது போனோம். பின்னால் முப்பது பேர் வந்தார்கள். என் மகன் முகம் எதிலும் இல்லை.

மூன்றாவது கட்டடத்தின் முன்னால் வெள்ளைத் தொப்பி வைத்த போலீஸ்காரர் வந்துவிட்டார். கையைக் காட்டி நிறுத்தி ஏதோ கேட்டார். தாள் கேட்கிறார். ஐயர் முகம் வெளுத்தது. பாட்டு நின்றது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மிச்சம் ஒன்றரைக் கட்டடம் கேட்காமல் போய்விடும். போலீஸ்காரர் என்னை நோக்கி வந்தார்.

அப்போது மேலே, ஆறாவது மாடியோ ஏழாவதோ, ஜன்னலைத் திறந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் கத்தினாள்.

"வாங்க! வாங்க!"

தமிழ். ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம். என் கை தானாக நின்றது.

தூங்கும்போது போட்டிருந்த உடுப்போடு, மேலே ஒரு கோட்டு, காலில் வீட்டுச் செருப்பு, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. படியிறங்கி ஓடி வந்தாள். நாலு பேரையும் ஒருமுறை பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் காதைத் தொட்டாள். என் காதும் அன்புநாதன் காதும் ஒரே மாதிரி முன்பக்கம் மடிந்திருக்கும். பிறகு போலீஸ்காரர் பக்கம் திரும்பிப் பேசினாள். என்ன பேசினாள் என்று பிற்பாடு மகன் சொன்னான். இது என் மாமனார், மகனை எழுப்ப இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார், அவன் காலை ஷிப்டுக்குப் போய்விட்டான், முடிந்தால் அவனைப் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், இவர்களைத் தொடாதீர்கள் என்றாளாம். போலீஸ்காரரும் அவனுக்குச் சொல்லிவிடப் போனார். பெயர் உர்சுலா. எங்கள் விடியற்காலைப் பாட்டைப் பற்றி அவன் அவளிடம் முன்னமே சொல்லியிருந்தானாம். குழந்தைக்கு மூன்று வயது. எனக்குப் பேத்தி இருப்பது அப்போதுதான் தெரியும்.

ஏழாவது மாடியில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலு: வாங்க, சாப்பிடுங்க, போதும், அப்பா. நாலையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். ஒன்பது மணிக்கு லிப்டுக் கதவு திறந்தது. அன்புநாதன். உடம்பெல்லாம் எண்ணெய்க் கறை, தலையில் பாதி நரை. வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"மனந்திரும்பினேனான்னு பாக்க வந்தீங்களாப்பா?"

எனக்கு விளங்கவில்லை. நான் எதற்கு அதைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தான். நான் போட்ட எட்டுக் கடுதாசியும் இருந்தது. கடைசியை எடுத்து நின்றபடியே வாசித்தான்.

"உன் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உன் அவிசுவாசமே அவர் மனதை உடைத்தது. நீ மனந்திரும்பி ஆலயத்தில் சேரும்வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். இப்படிக்கு, உன் தகப்பன்." அடியில் என் கட்டைவிரல்.

காகிதத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தான். எழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்ததுபோலத்தான் தெரிந்தது. விரல் என்னுடையதுதான்.

நான் வாத்தியாரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்து, நீ அதையே பிடித்துக்கொண்டிரு, நான் சொன்னதை நான் சொல்கிறேன் என்றேன். 1977 மார்ச் 9, புதன்கிழமை, மேலத்தெருவில் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் அவர் எழுதிக்கொள்ள நான் சொன்னது.

"அன்புநாதா, அம்மா போன புதன்கிழமை காலையில போயிட்டா. ரெண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். கஷ்டப்படல. கடைசியா, பிள்ளைக்குக் குளிருக்குப் போத்திக்க என்ன இருக்குன்னு கேட்டா. நீ கோவிலுக்குப் போனாலும் சரி, போகாட்டியும் சரி. கொடி செவப்பா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன. சாப்பிட்டியான்னு ஒரு வரி போடு. எனக்கு இப்ப வேற யாரும் இல்ல."

அதற்கு முந்தின ஏழையும் தேதி வாரியாகச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக எடுத்து விரலை வைத்துக்கொண்டே வந்தான். முதல் மூன்றும் வரிக்கு வரி சரியாக இருந்தது. நாலாவதிலிருந்து நான் சொல்லாத புத்திமதி ஒன்று, ஐந்தாவதில் இரண்டு. நான் நடுவில் நிறுத்தும்போதெல்லாம் வாத்தியார், "ஆமா, அப்படித்தான் சொன்னான்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். ஏழாவதும் முடிந்ததும் அன்புநாதன் கடுதாசிகளைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

வாத்தியார் எழுந்து நின்றார். "தூரதேசம் போன மகனுக்கு வேதத்துல அந்தத் தகப்பன் ஒரு கடுதாசியும் போடல மாசிலாமணி. பேசாம இருந்தான். மகன் தானா திரும்பி வந்தான். நாமளும் பேசாம இருந்தா இவனும் வந்துருவான்னு நினைச்சேன். உனக்கு நல்லது பண்றேன்னுதான் நினைச்சேன்."

"அந்தத் தகப்பன் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தான் வாத்தியாரே" என்றேன். "நீங்க என் வாசலை அடைச்சுட்டீங்க."

மகன் என் மடியில் தலையை வைத்தான். எண்ணெய் நாற்றம் அடித்தது. மில்லிலிருந்து வந்து நான் அவனைத் தூக்கும்போது தவிட்டு நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடிப்பான். நான் பிடிக்கவில்லை. பேத்தி டோலக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

நவம்பர் 8, செவ்வாய்

ரெனாத்தே அம்மாள் எல்லாவற்றையும் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தார். தன் தாளில் "இசைப் பயிற்சி, காலை 5.30" என்று எழுதிக்கொண்டார். இன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

பஸ் கிளம்பும் இடத்துக்கு அன்புநாதன் குடும்பத்தோடு வந்தான். எனக்கு ஒரு டேப் ரெக்கார்டரும் பத்து கேசட்டும் கொடுத்தான். இனிமேல் நீங்கள் பேசி அனுப்புங்கள், நானும் பேசி அனுப்புகிறேன், நடுவில் யாரும் வேண்டாம் என்றான். வாத்தியார் தள்ளி நின்றார். அவன் அவரிடமும் போனான். என்ன பேசினான் என்று பரமானந்தம் ஒட்டுக்கேட்டு, பஸ்ஸில் சொன்னான்: இந்த ஊரில் ஒன்பது வருஷமாக எனக்குப் படிக்க இருந்த தமிழ் உங்கள் கையெழுத்து மட்டும்தான் சார், திட்டுத்தான் என்றாலும் மாதம் ஒருமுறை எடுத்துப் படித்துக்கொண்டேன் என்றானாம்.

நான் வாத்தியாரோடு பேசவில்லை.

நவம்பர் 9, புதன்

பேசவில்லை.

நவம்பர் 10, வியாழன்

லூத்தர் பிறந்த நாள். கோவில் நிரம்பி வாசல்வரை ஆட்கள். வாத்தியார் தாளத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தாளம் இல்லாமல் வாசித்தோம். நான் என்றைக்கும் வாசிக்காத மாதிரி வாசித்தேன், எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆனாலும் ஒரு காலில் நடந்தாற்போலத்தான் எனக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

திரும்புகிறோம். டில்லி நெருங்கும்போது ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார்கள், எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஐயர் முன்வரிசையில் தூங்கிவிட்டார். பரமானந்தம் தமிழ் மட்டும்தான் எழுதுவான். நான் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பக்கத்து ஸீட்டுக்கு நீட்டினேன்.

வாத்தியார் வாங்கிக்கொண்டார். ஒரு வரி எழுதினார். உடனே எனக்குக் கேட்கும்படி வாசித்தார்: பெயர், மாசிலாமணி. அடுத்த வரி எழுதினார், வாசித்தார்: தகப்பன் பெயர், சாந்தப்பன். அடுத்தது: தொழில், கூலி. வரிக்கு வரி நிறுத்தி, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதுதான் அந்த ஆறு நாளில் நாங்கள் பேசியது.

2019 நவம்பர் 10, ஞாயிறு

அன்புநாதன் 1985 கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வந்தான். உர்சுலா கருவாட்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு போனாள். பிறகு அந்த நாடே இல்லாமல் போனது, ஊர் பெயரையும் மாற்றிவிட்டார்கள். அவன் அங்கேயே இருக்கிறான், ரிடையர் ஆகிவிட்டான். இப்போது கேசட்டு இல்லை, செல்போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். பேத்திக்கே பிள்ளை இருக்கிறது.

பரமானந்தம் 1996 ஜனவரி 20-ஆம் தேதி, தைக்கிற மெஷின் மேலேயே சாய்ந்து போய்விட்டான். தாவீது ஐயர் மதுரைப் பக்கம் மாற்றலாகிப் போய், 2011 ஜூலையில் இறந்தார். அடக்கத்துக்குப் போய் டோலக்கு வாசித்தேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் மேலத்தெருவுக்குப் போனேன். வாரா வாரம் போகிறேன். அங்கே இருக்கும் மனுஷருக்குத் தொண்ணூற்று நாலு வயது. இரண்டு வருஷமாக ஞாபகம் இல்லை. மகளைத் தெரியாது, என்னைத் தெரியாது, தன்னையும் தெரியாது. கதை சொன்னால் மட்டும் கேட்பார். ஜெர்மனிக் கதையைச் சொன்னேன். பனி, கருவாடு, மார்க்ஸ் தலை, விடியற்காலைப் பாட்டு, ஜன்னலில் வாங்க வாங்க. அந்த இடத்தில் எப்போதும்போலக் கைதட்டினார். கடுதாசிப் பகுதியை நான் சொல்வதில்லை.

"நாலு பேரு போனீங்களே, இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன். இன்னொருத்தர் இருக்காரு."

"நல்ல ஆளா?"

கமிட்டியில் எழுந்து நின்றதும், போலீஸ் பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும் என்றதும், எட்டாவது கடுதாசியும், எல்லாம் தேதியோடு மனதில் வரிசையாக வந்தது.

"என்னை என் மவன்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனவரு" என்றேன்.

"பேரு என்ன?"

"வேதமாணிக்கம்."